அந்த 50-ஐ யார் அளந்தது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குப் பேச 15 நிமிஷம் கொடுத்திருக்காங்க. நோட்டீஸில் என் பேருக்கு நேரே ‘வெயில் கிரீம் தயாரிப்பு: ஒரு வெற்றிக் கதை’ என்று போட்டிருக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பழைய பட்டியலைப் பார்த்து அடிச்சிட்டாங்க. கதை இருக்கு, வெற்றி இல்லை. அதையே பேசட்டுமா என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். “பேசு, அதுதான் இப்ப வேணும்” என்றார்கள். அதனால் பேசுகிறேன். எனக்குப் பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. தப்பா ஏதாவது உச்சரிச்சா பொறுத்துக்கணும்.

போன வருஷம் தை மாசம் எங்க குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கிரீம் செய்தோம். யோசனை என்னுடையதுதான். என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். சோற்றுக் கற்றாழை, தேங்காய் எண்ணெய், கேரட், கஸ்தூரி மஞ்சள், கொஞ்சம் தேன்மெழுகு. கடைசியில் நிறம் கொடுக்கட்டும் என்று எலுமிச்சைச் சாறு. எல்லாம் நம்ம கொல்லையில் கிடைக்கிற பொருள். நாங்க வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் போகிறவங்க. வெயில் என்றால் என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெயிலுக்கு ஒரு கிரீம் செய்தால் நம்ம ஆளுங்களே வாங்குவாங்க என்று நினைத்தோம்.

50 கிராம் ஜாடி, மொத்தம் 90 ஜாடி. மூலப்பொருள், ஜாடி, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய் செலவு. ஸ்டிக்கரில் என்ன போடலாம் என்று கேட்டப்போ நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘இயற்கை சன் ஸ்கிரீன். கெமிக்கல் இல்லாதது. எஸ்.பி.எஃப். 50.’

அந்த 50 எங்கிருந்து வந்ததுன்னு கேட்கறீங்களா? மெடிக்கல் கடை கண்ணாடிக்குள்ள ஒரு ட்யூபில் 30 என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 50 என்று போட்டிருந்தது. 50 உள்ளது விலை கூட. அதனால் 50 நல்லதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். நூற்றுக்கு 50 மார்க் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். எங்க ஐந்து பேரில் ஒருத்தருக்கும் அந்த மூன்று எழுத்துக்கு விரிவு தெரியாது. கேட்கணும்னும் தோணலை.

கண்காட்சியிலும், கோயில் திருவிழாக் கடையிலும், குழுக் கூட்டங்களிலுமாக 64 ஜாடி விற்றது. ஜாடி 80 ரூபாய். 5,120 ரூபாயைக் கையில் எண்ணினப்போ எங்களுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

மாசி மாசம் ஒரு நாள் சாயங்காலம். வேறொரு குழுவில் இருக்கிற அக்கா ஒருத்தர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஜாடியை நங்கென்று வைத்தார். கூட அவங்க மகள். கல்லூரியில் படிக்கிற பொண்ணு. துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். எடுத்துக் காட்டினாள். கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் கொப்புளம் வந்து ஆறி, கன்னங்கரேலென்று திட்டு. ஒரு இடத்தில் கிரீம் வழிந்து இறங்கின மாதிரியே கோடு. அந்தப் பொண்ணு என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போயிருக்கு. ஒரு கிராமத்தில் பகல் முழுக்க வெயிலில் நின்று குளத்தங்கரை சுத்தம் பண்ணியிருக்காங்க. வெயில் கிரீம் இருக்கே என்று தைரியமாக, கூட நாலு தடவை பூசியிருக்காள். ரெண்டாம் நாள் எரிச்சல், அப்புறம் கொப்புளம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. “நீதானே எழுதுன, 50-ன்னு?” என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேற என்ன சொல்ல முடியும்?

மறுநாள் நானும் கூடப் போய் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்த்தோம். அம்மா டாக்டர். ஜாடியை மோந்து பார்த்தார், ஸ்டிக்கரைப் படித்தார். “எலுமிச்சை சேர்த்திருக்கீங்களா?” என்றார். எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் இருக்கிற ஒரு சத்து தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகுமாம். சாறு மட்டும் பட்டால் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் பட்டாலும் இப்படி ஆகாது. ரெண்டும் சேர்ந்தால்தான் வினை. பட்ட உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கறுப்பு மறைய வாரக்கணக்கிலும் ஆகும், மாசக்கணக்கிலும் ஆகும் என்றார். முகம் வெளுக்கணும் என்று எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குகிறவங்க இங்கேயும் இருப்பீங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. “இந்த 50-ஐ யாரும்மா அளந்தது?”

நான் பதில் சொல்லலை. அவங்களே சொன்னாங்க. ஒரு கிரீமுக்கு எண் போட வேண்டுமானால், ஒத்துக்கொண்டு வருகிற ஆட்களின் முதுகில் அதை அளந்து பூசணுமாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு வெளிச்சத்தைக் காட்டணும். பூசாத தோல் எவ்வளவு வெளிச்சத்தில் சிவக்கிறது, பூசிய தோல் எவ்வளவு வெளிச்சத்தில் சிவக்கிறது என்று பார்க்கணும். பூசாத தோல் ஒரு பங்கில் சிவந்து, பூசினது 30 பங்கில் சிவந்தால் அது 30. ஒருத்தர் முதுகில் மட்டும் பார்த்தால் போதாது, குறைந்தது பத்துப் பேர் வேணும். நாங்க 50 என்று எழுதினதுக்கு ஒரு முதுகும் காயலை, ஒரு விளக்கும் எரியலை.

அதோடு விடாமல் நான் இன்னும் ரெண்டு தடவை அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஒருமுறை அந்தப் பொண்ணோடு, ஒருமுறை என் முகத்துக்காக. எனக்கு ரெண்டாவது பிள்ளை உண்டானப்போ கன்னத்தில் மங்கு வந்தது. மங்கு சனி பிடிச்சிருக்குன்னு மாமியார் சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு போடச் சொன்னாங்க. போட்டேன். பிள்ளைக்கு இப்ப 9 வயசு, மங்கு அப்படியே இருக்கு. இடையில் மெடிக்கலில் யாரோ சொன்ன ஒரு கிரீமையும் பூசினேன். ஒரு மாசம் பளபளவென்று இருந்தது. நிறுத்தினதும் முகம் சிவந்து எரிந்து, மங்கு முன்னைவிடக் கறுத்தது. அது ஸ்டீராய்டு கலந்தது என்று இப்பத்தான் தெரியும். அது தனிக் கதை, அதைச் சொல்ல ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் தாண்டிடும்.

டாக்டர் சொன்னதையும், அப்புறம் நானும் மகளும் தேடிப் படித்ததையும் குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் சொல்றேன்.

வெயிலில் நம்ம கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கு. புற ஊதாக் கதிர் என்று எட்டாவது, ஒன்பதாவதில் படித்திருப்போம். அதில் நம்மைத் தொடுவது ரெண்டு வகை, ‘ஏ’, ‘பி’. ‘பி’ மேல் தோலைச் சுடும், சிவக்க வைக்கும். ‘ஏ’ ஆழமாக இறங்கும். மங்கு கறுப்பதிலும் தோல் சுருங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஜன்னல் கண்ணாடி ‘பி’யை நிறுத்திவிடும், ‘ஏ’ உள்ளே வந்துவிடும். ட்யூபில் போட்டிருக்கிற அந்த எண் பெரும்பாலும் ‘பி’யைப் பற்றியது. ‘ஏ’யைத் தடுக்குமா என்று பார்க்க ‘பி.ஏ.’ என்று எழுதி, பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருப்பாங்க. குறி எத்தனை இருக்கோ அத்தனை நல்லது. எனக்கு மங்கு இருப்பதால் எண்ணைவிட அந்தக் கூட்டல் குறியைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார்.

எண்ணைப் பற்றி ஒன்று சொல்லணும். 15 என்றால் நூற்றில் 7 பங்கு கதிர் உள்ளே போகும். 30 என்றால் 3 பங்கு. 50 என்றால் 2 பங்கு. பார்த்தீங்களா, 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு பங்கு. இதுக்காகத்தான் நான் 50 போட்டு ஏமாத்தியிருக்கேன்.

இந்தக் கதிரைத் தடுக்கிற பொருளில் ரெண்டு இனம். ஒன்று வெள்ளைப் பொடி. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. முதலாவது நமக்குப் பழகினதுதான். வேர்க்குருவுக்கும் அம்மை அரிப்புக்கும் பூசுவோமே, ரோஸ் கலர் காலமைன் லோஷன், அதில் இருப்பது இதே பொடி. ரெண்டாவது சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்டில் இருக்கிறது. தோலுக்கு மேலேயே இருந்து வேலை செய்யும். ஆனால் நம்ம நிறத்துக்குப் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி, கூத்துக்கு அரிதாரம் பூசின மாதிரி தெரியும்.

இன்னொரு இனம்தான் எல்லாரும் ‘கெமிக்கல்’ என்று சொல்வது. பூசினால் கண்ணுக்குத் தெரியாது, பிசுபிசுப்பும் குறைவு. அதனால்தான் கடையில் இருக்கிற பெரும்பாலான ட்யூபில் இது இருக்கும். வேலை என்னன்னா, கதிரைக் குடித்து, அதைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். மழை நாளில் வாசல்படியில் சாக்குப் போடுவோமே, அந்த மாதிரி. சாக்கு தண்ணியைக் குடிக்கும், ஆனால் எவ்வளவு நேரம் குடிக்கும்? அவோபென்சோன் என்று ஒன்று. ‘ஏ’ கதிரைத் தடுப்பதில் அது கெட்டிக்காரி, ஆனால் வெயில் பட்டால் அதுவே சிதைய ஆரம்பிக்கும். ஆக்டோக்ரைலீன் என்பதைத் துணைக்குப் போட்டால் தாக்குப்பிடிக்கும். ஆக்டினாக்ஸேட் என்பதைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் சிதையும். நாத்தனார், ஓர்ப்படி கதைதான். யாரை யாரோடு சேர்க்கணும் என்று தெரிந்தவங்கதான் சேர்க்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூசச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேர்வையும், முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் பெரிய காரணம்.

ட்யூபின் பின்னாடி பொடி எழுத்தில் சேர்மானம் போட்டிருப்பாங்க. நான் மெடிக்கல் கடையில் நாலு ட்யூபை வாங்கிப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். கடைக்காரத் தம்பி, “அக்கா, வாங்கறீங்களா, பரீட்சை எழுதறீங்களா?” என்றான். பேரெல்லாம் வேற மாதிரி இருக்கும். அவோபென்சோன் அங்கே ‘பியூட்டைல் மெத்தாக்ஸி டைபென்சாயில்மீத்தேன்’ என்று இருக்கும். ஆக்டினாக்ஸேட் ‘எத்தில்ஹெக்சில் மெத்தாக்ஸிசின்னமேட்’ என்று இருக்கும். ஆக்ஸிபென்சோன் ‘பென்சோஃபினோன்-3’. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்க, ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் நாத்தனார், “அதெல்லாம் ரத்தத்துல கலந்துடும், பூசாதே” என்றார். நான் அதையும் டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “கலக்கும்தான்” என்றார்! அமெரிக்காவில் மருந்துத் துறையே ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டிருக்கு. 24 பேருக்கு, உடம்பில் முக்கால் பாகத்தில், ஒரு நாளைக்கு 4 தடவையாக 4 நாள் பூசி, ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காங்க. பார்த்த நாலு கெமிக்கலும் ரத்தத்தில் இருந்திருக்கு. அவங்க வைத்திருந்த எல்லை, ஒரு மில்லி ரத்த நீரில் அரை நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அந்த எல்லையை நாலுமே தாண்டியிருக்கு. ஆக்ஸிபென்சோன் மற்றதைவிடப் பல மடங்கு. இந்தச் சாமான் தாய்ப்பாலில்கூட இருப்பதை வேறு ஆய்வுகளில் கண்டிருக்காங்க.

அப்ப விஷமா? ரத்தத்தில் இருக்கு என்பதும், கெடுதல் செய்யுது என்பதும் ஒன்றில்லை என்றார் டாக்டர். ஆய்வு செய்தவங்களே, இதைப் பார்த்துப் பூசுவதை நிறுத்தாதீங்க, இன்னும் சோதனை தேவை என்றுதான் சொன்னாங்க. அந்த நாட்டில் 16 பொருளை எடுத்துப் பார்த்ததில், துத்தநாகம், டைட்டானியம் ரெண்டுக்கும் போதிய சான்று இருக்குன்னு அதே வருஷம் ஒரு முன்மொழிவில் சொன்னாங்க. ரெண்டை வேண்டாம் என்றாங்க. மிச்சம் 12-க்குக் கம்பெனிகள் இன்னும் விவரம் கொடுக்கணும் என்று கேட்டாங்க. ஐரோப்பிய நாடுகள் 2022-ல் ஆக்ஸிபென்சோனுக்கு அளவு குறைத்தாங்க. முகத்துக்கும் கைக்கும் பூசுவதில் 100 கிராமில் 6 கிராம்தான், உடம்பு முழுக்கப் பூசுவதில் 2.2 கிராம்தான். பலாவ் என்று ஒரு தீவு நாடு, 2020-லிருந்து அது கலந்த கிரீமைத் தடை செய்தது. ஹவாய் தீவில் 2021-லிருந்து அதையும் ஆக்டினாக்ஸேட்டையும் கடையில் விற்கக்கூடாது. அங்கே மனுஷனைவிடக் கடல் பவளத்துக்காகப் போட்ட சட்டம் அது. நம்ம ராமேஸ்வரம் பக்கம் கடலுக்கு அடியில் இருக்கே, அந்தப் பவளப் பாறைதான்.

நான் இதையெல்லாம் கேட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது ஒன்றை யோசித்தேன். அந்த ட்யூபில் என்ன இருக்கு என்று பேர் இருக்கு. எத்தனை கிராம் போடலாம் என்று வரம்பு இருக்கு. ரத்தத்தில் எவ்வளவு போகுது என்று ஊசி குத்திப் பார்த்திருக்காங்க, பார்த்ததை மறைக்காமல் சொல்லியும் இருக்காங்க. சண்டை போடவாவது ஒரு எண் இருக்கு. என் ஜாடியில் என்ன இருந்தது? கெமிக்கல் இல்லை என்ற ஒரு வரிதான் இருந்தது. அதுகூடப் பொய். எலுமிச்சைக்குள்ளே இருந்து அந்தப் பிள்ளையைச் சுட்டதும் ஒரு கெமிக்கல்தானே?

நாங்க போட்ட தேங்காய் எண்ணெயும் கேரட்டும் வெயிலைத் தடுக்காதா என்று கேட்பீங்க. தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லது, காய்ந்துபோகாமல் வைக்கும். கதிரைப் பொறுத்தவரை அது தடுப்பது சொற்பம், பகல் முழுக்க நிற்பதற்குக் காணாது. சரி, துத்தநாகப் பொடியை வாங்கி நாமே கலந்தால்? அதையும் கேட்டேன். வீட்டுக் கரண்டியில் கலக்கினால் கட்டி தட்டும், ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது. பூசினவளுக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, கற்றாழைத் தண்ணி சேர்ந்த கிரீம் கெடாமல் இருக்க எதுவும் போடாவிட்டால் பூசணம் பிடிக்கும். எங்க கடைசி ஜாடிகள் சிலதில் மூடிக்குள்ளே சாம்பல் நிறத்தில் வந்திருந்தது. துடைத்துவிட்டு விற்கலாம் என்று ஒருத்தர் சொன்னதும் உண்மை. அது யார் என்று சொல்ல மாட்டேன். நானாகவும் இருக்கலாம்.

சட்டமும் இருக்கு. நம்ம நாட்டில் சன் ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். விற்பனைக்குத் தயாரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேணும், லேபிளில் உரிம எண், தொகுதி எண், சேர்மானம் எல்லாம் இருக்கணும். எங்களிடம் இருந்தது வங்கிக் கணக்கும் தீர்மான நோட்டும்தான்.

ஜாடிகளைத் திரும்ப வாங்கலாம் என்று குழுவில் சொன்னப்போ பெரிய சண்டை. “ஒரு பொண்ணுக்கு ஒத்துக்கலைன்னா எல்லாத்தையும் திருப்பணுமா? நம்ம பொருளை நாமே குறை சொன்னா, அப்புறம் நம்ம ஊறுகாயையும் அப்பளத்தையும் எவன் வாங்குவான்?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். அவங்க அந்த மாசத் தவணைக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாங்க. ரெண்டு கூட்டம் முடிவில்லாமல் போனது. மூணாவது கூட்டத்துக்கு அந்தப் பொண்ணே வந்து, ஒரு மூலையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். துப்பட்டா சுற்றாமல் வந்திருந்தாள். அன்றைக்குத் தீர்மானம் எழுதினோம். 3,150 ரூபாய் நஷ்டத்தை ஐந்து பேரும் தலைக்கு 630 என்று போட்டுக்கொண்டோம். அந்த அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீங்க கேட்பீங்க, அப்ப நாங்க என்னதான் பூசறது என்று. நானும் கேட்டேன். டாக்டர் முதலில் என் சேலையைப் பார்த்தார். “காட்டுக்குப் போகும்போது மேல சட்டை போடுவீங்களா?” என்றார். போடுவோம், வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. அதுதான் முதல் சன் ஸ்கிரீன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கலை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும், இழை நெருக்கமாக இருக்கணும், வெளிறின மெல்லிசுத் துணியைவிட அடர்ந்த நிறம் நல்லது. பருத்தித் துணி நனைந்துவிட்டால் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். இன்னொரு கணக்கு சொன்னார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரம்தான் கதிர் கடுமையான நேரம். கடிகாரம் வேண்டாம், குனிந்து தரையைப் பார்த்தால் போதும்.

நம்ம கறுப்புத் தோலே ஓரளவு தடுக்கும். வெள்ளைக்காரங்களுக்கு வெயிலால் வருகிற தோல் புற்றுநோய் நமக்கு மிகக் குறைவு. அதனால் எல்லாரும் ஓடிப்போய் ட்யூப் வாங்கணும் என்று நான் சொல்லலை. கணக்கும் பார்க்கணும் இல்லையா? நான் வாங்கின 50 கிராம் ட்யூப் 400 ரூபாய். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டிலும் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு, அது ஒரு கிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பூசினாலே 25 நாளில் தீர்ந்துவிடும். பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுப் பூசினால் மாசக்கணக்கில் வரும், ஆனால் 50 என்று போட்டிருந்தாலும் அதில் பாதிகூடக் கிடைக்காது. எனக்கு மங்கு இருப்பதால் வாங்குகிறேன். மங்குக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் ஆகாதாம், அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, பழுப்பு நிறம் உள்ளதாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். வெண்புள்ளி இருப்பவங்க அந்த இடத்துக்கு அவசியம் பூசணும், அங்கே தடுக்க நிறம் இல்லை. வெயில் பட்டால் தோல் கெடுகிற மாத்திரை சாப்பிடுகிறவங்களும் டாக்டரிடம் கேட்டுக்கணும். மாசமாக இருக்கும் பொண்ணுங்களும் பால் கொடுக்கிறவங்களும் வெள்ளைப் பொடி வகையாகப் பார்த்து வாங்கலாம், பென்சோஃபினோன்-3 என்று இருந்தால் வைத்துவிடலாம். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதையும் பூச வேண்டாம், நிழல் போதும்.

அந்தப் பொண்ணுக்குக் கறுப்பு இப்ப முக்கால்வாசி போய்விட்டது. தாடைக்குக் கீழே அந்தக் கோடு மட்டும் மங்கலாக இருக்கு. சந்தையில் பார்த்தால், “அக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று அவளே முதலில் கேட்கிறாள்.

இதை ஏன் இன்றைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன் என்றால், நம்ம கூட்டமைப்பில் இன்னும் ரெண்டு குழு இதே மாதிரி வெயில் கிரீம் செய்து வைத்திருக்கு. அடுத்த மாசக் கண்காட்சிக்கு ஸ்டிக்கர்கூடத் தயார். அதில் 60 என்று போட்டிருக்கு. நான் யாரையும் கேவலப்படுத்த வரலை. எண்ணையும் அந்தக் ‘கெமிக்கல் இல்லாதது’ என்ற வார்த்தையையும் எடுக்கணும், எலுமிச்சையை எடுக்கணும், வெயிலுக்கு என்று விற்கவே கூடாது, உரிமம் வாங்குகிற வரைக்கும் எதையும் கண்காட்சிக்கு வைக்கக்கூடாது என்று இந்தப் பொதுக்குழு ஒரு தீர்மானம் போடணும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாக்கெடுப்பு சாயங்காலம். எங்க குழுவிலேயே எத்தனை பேர் கை தூக்குவாங்க என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு கணக்கு. விற்ற 64 ஜாடியில் 55 திரும்பி வந்து பணம் கொடுத்துவிட்டோம். 9 ஜாடி இன்னும் வரலை. திருவிழாவில் வாங்கினவங்க யார் என்று தெரியலை. மஞ்சள் மூடி, பச்சை ஸ்டிக்கர். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், காலி ஜாடியானாலும் பரவாயில்லை, என்னிடம் கொடுங்க. 720 ரூபாய் தனியாக மடித்துக் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற வரைக்கும் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.